மலையில் மட்டக்குதிரையை இளைக்க வைப்பது எப்படி: தீவனம், தாது உப்பு, செலவு, காலம்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மட்டக்குதிரை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும், சுற்றுலாச் சவாரிக்கு ஓடிக்கொண்டிருந்த குதிரையை வாங்கி வந்து வீட்டுப் பின்னால் விட்டிருப்பவர்களுக்கு. சவாரி நின்றுவிடும், மேய்ச்சல் நிற்காது. சில மாதங்களிலேயே முதுகில் பள்ளம் விழுந்து, கழுத்து தடித்து, வயிறு பெருத்துவிடும்.

என்ன பொடி கலந்தால் இளைக்கும் என்று கடை கடையாகக் கேட்டேன். ஆளுக்கொரு டப்பாவை எடுத்து நீட்டினார்கள். கேட்டு, வாங்கி, மருத்துவரிடம் காட்டி, படித்துப் பார்த்ததில் தெரிந்தது இவ்வளவுதான்: கொழுப்பைக் கரைக்கும் பொடி என்று நம்பி வாங்கும்படி ஒன்றும் இல்லை. தீவனம் குறைந்தால்தான் உடம்பு குறையும். அப்படிக் குறைக்கும்போது உடம்புக்கு எது கிடைக்காமல் போகிறதோ அதை நிரப்பத்தான் பொடி வேண்டும். நம் மலைப்புல்லை நம்பி இருக்கும் குதிரைக்கு அது முதலில் கால்சியம்.

1. முதலில் அளவெடுங்கள்

எடைமேடை தேடி அலைய வேண்டாம். நாடா போதும். ஆனால் தையல்காரர் நாடா 150 சென்டிமீட்டரோடு முடிந்துவிடும். கொழுத்த குதிரைக்குப் பற்றாது. சணல் கயிற்றால் அளந்து, அதைத் தரையில் நீட்டி நாடா வைத்துக் கணக்கிடுங்கள்.

இரண்டு அளவு வேண்டும். ஒன்று மார்புச் சுற்றளவு: முன்னங்கால் முழங்கைக்குச் சற்றுப் பின்னால், தோள்மேட்டைச் சுற்றி, குதிரை மூச்சு விட்டதும். இரண்டாவது நீளம்: முன்தோள் எலும்பு முனையிலிருந்து பின்தொடை எலும்பு முனை வரை. சென்டிமீட்டரில் அளந்த சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். சுற்றளவு 150, நீளம் 130 என்றால் ஏறக்குறைய 246 கிலோ. பத்து இருபது கிலோ முன்பின் இருக்கலாம். பரவாயில்லை, ஒரே ஆள் ஒரே மாதிரி அளந்து வந்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும்.

அப்புறம் கையால் தடவிப் பாருங்கள். விலா எலும்பைத் தடவும்போது உங்கள் புறங்கையைத் தடவுவது போல இருந்தால் சரியான உடம்பு. உள்ளங்கை போல மெத்தென்று இருந்தால் கொழுப்பு. மலைக்குதிரைக்கு ரோமம் அடர்த்தி. குளிர்காலத்தில் கண்ணால் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. உடல்நிலையை 1 முதல் 9 வரை மதிப்பிடும் முறை ஒன்று மருத்துவர்களிடம் உண்டு. 5 நல்ல உடம்பு, 7-க்கு மேல் பருமன். பிடரிக்குக் கீழே கழுத்து மேடு தடித்துக் கெட்டியாகி, கையால் ஆட்டினாலும் அசையாமல் நின்றால் அது தனி எச்சரிக்கை. உடம்பில் இன்சுலின் தாறுமாறாக இருக்க வாய்ப்புண்டு.

2. மருத்துவரைப் பார்க்காமல் ஆரம்பிக்காதீர்கள்

பருத்த மட்டக்குதிரைக்குப் பெரிய ஆபத்து லாமினைட்டிஸ் என்கிற குளம்பு நோய். குளம்பு சூடாக இருக்கிறதா, குளம்புக்கு மேலே கணுவில் நாடி தெறித்து ஓடுகிறதா, திரும்பும்போது தயங்குகிறதா, முன்னங்காலை முன்னே நீட்டி எடையைப் பின்னுக்குத் தள்ளி நிற்கிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் நடக்க வைக்காதீர்கள். அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். வர முடியாத இடமாக இருந்தால் கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 என்ற எண் இருக்கிறது.

அரசு கால்நடை மருந்தகத்துக்குக் காலையிலேயே போங்கள். கையில் இவை இருக்கட்டும்: வாங்கிய ரசீது அல்லது உரிமைத் தாள், டெட்டனஸ் தடுப்பூசி போட்ட விவரம், கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய்க்கான பரிசோதனை அறிக்கை இருந்தால் அது, நீங்கள் எடுத்த அளவுகள், பக்கவாட்டிலிருந்து எடுத்த ஒரு புகைப்படம், இப்போது கொடுக்கும் எல்லாத் தீவனத்தின் பட்டியல். பட்டியலில் "கொஞ்சம் தவிடு" என்று எழுதினால் உதவாது, எத்தனை கிராம் என்று நிறுத்து எழுதுங்கள். நம் ஊர் மருத்துவர்கள் மாடும் ஆடும் பார்ப்பவர்கள், குதிரை அவர்களிடம் அபூர்வமாகவே வரும். விவரம் எழுத்தில் இருந்தால் அவர்கள் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தெரிந்தவர்களைக் கேட்டுச் சொல்வதும் எளிது.

ரத்தத்தில் சர்க்கரை மட்டும் பார்த்தால் போதாது, இன்சுலின் பார்க்க வேண்டும். அந்த மாதிரியை உடனே பிரித்து, ஐஸ் பெட்டியில் வைத்து மலைக்குக் கீழே அனுப்ப வேண்டியிருக்கும். எந்த ஆய்வகம், எந்த நாளில் வாங்குவார்கள் என்று முதலிலேயே போன் செய்து கேளுங்கள். ரத்தம் எடுக்கப் போகிறோம் என்று குதிரையை நீங்களாகப் பட்டினி போடாதீர்கள். பதினைந்து வயது தாண்டிய குதிரை என்றால் குஷிங் என்ற ஹார்மோன் நோய்க்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு மருந்து உண்டு.

சினையாக இருக்கும், பால் கொடுக்கும் பெண் குதிரையை இந்த வழியில் இளைக்க வைக்கவே கூடாது.

3. அலைவதை நிறுத்துங்கள்

ராத்திரி அவிழ்த்துவிட்ட குதிரை மார்க்கெட் பக்கம் போய் முட்டைக்கோஸ் இலை, அழுகிய கேரட், ரொட்டி எல்லாம் தின்றுவிட்டு வரும். பகலில் நீங்கள் கிராம் கணக்கில் நிறுத்துப் போடுவதற்கு அர்த்தமே இருக்காது. தெருவில் திரியும் குதிரையை நகராட்சி பிடித்து அபராதம் போடும் தொல்லை வேறு. நான்கு பக்கமும் வேலி போட்ட சின்ன இடம் ஒன்று வேண்டும். புல் குறைவாக இருந்தால் இன்னும் நல்லது.

சுற்றுலாப் பயணிகள் கொடுக்கும் சோளக்கதிர், பிஸ்கட் இதில் சேரும். ஊட்டி கேரட்டைப் பற்றிக் கேட்பீர்கள். கிலோவுக்கு ஐம்பது கிராம் அளவில் சர்க்கரை இருக்கும். மருந்து மறைத்துக் கொடுக்க ஒரு துண்டு வெட்டிக் கொடுப்பதில் குற்றமில்லை. கழுவும் இடத்திலிருந்து கழிவுக் கேரட்டைச் சாக்கில் அள்ளி வந்து கொட்டுவதுதான் வினை.

4. தீவனத்தைக் குறையுங்கள், பட்டினி போடாதீர்கள்

அடர் தீவனம் எல்லாவற்றையும் நிறுத்தலாம்: கொள்ளு, கடலை, தவிடு, பார்லி, வெல்லம். ஒரே நாளில் நிறுத்தாமல் பத்து நாளில் படிப்படியாக.

கொள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று சொல்லி, இளைக்கட்டும் என்றே தினம் வேகவைத்துப் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பழமொழி மனிதருக்கு. குதிரைக்குக் கொள்ளு சத்தான அடர் தீவனம், உழைக்கும் குதிரைக்குத் தெம்புக்காகப் போடுவது.

புல், வைக்கோல் எவ்வளவு? உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு உலர்பொருள் (தண்ணீர் நீங்கலான எடை), ஒரு நாளைக்கு. 246 கிலோ குதிரைக்கு 3.7 கிலோ உலர்பொருள். காய்ந்த புல்லாக நிறுத்தால் சுமார் 4 கிலோ. பச்சைப் புல்லில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர், அதனால் வெட்டிப் போடும் பச்சைப் புல்லாக 18 கிலோ வரும். ஸ்பிரிங் தராசு ஒன்று வாங்கித் தொங்கவிடுங்கள். கைப்பிடிக் கணக்கு வேண்டாம்.

இதற்கும் கீழே மருத்துவர் சொல்லாமல் போகாதீர்கள். மட்டக்குதிரையைத் திடீரென்று பட்டினி போட்டால் உடம்புக் கொழுப்பு மொத்தமாக ரத்தத்தில் கலந்து ஈரல் கெடும். உயிர் போகும் நோய் அது. பருத்த குதிரைக்குத்தான் இது அதிகம் வரும். ஒரு நாள் முழுக்கத் தீவனத்தைத் தொடாமல் சோர்ந்து நின்றால், "நல்லதுதான், இளைக்கட்டும்" என்று விட்டுவிடாதீர்கள்.

கொடுப்பதை நாலைந்து வேளையாகப் பிரியுங்கள். வெறும் வயிறாக நெடுநேரம் நின்றால் வயிற்றில் புண் வரும், மரத்தைக் கடிக்கும். மூன்று நாலு சென்டிமீட்டர் கண் உள்ள நைலான் வலையில் புல்லை அடைத்துக் கட்டினால் மெதுவாகத்தான் இழுத்துத் தின்ன முடியும். லாடம் அடித்த குதிரை என்றால் வலையைக் கால் சிக்காத உயரத்தில் கட்டுங்கள்.

காய்ந்த புல்லைத் தண்ணீரில் ஊறவைத்தால் சர்க்கரை கொஞ்சம் இறங்கும். நம் குளிருக்கு அரை மணி போதாது, மூன்று நாலு மணி நேரமாவது வேண்டும். ஊறிய தண்ணீரைக் குதிரைக்கு எட்டாத இடத்தில் கொட்டிவிட்டு, புல்லை அன்றைக்கே தின்னக் கொடுங்கள், மிஞ்சியதை எறிந்துவிடுங்கள். இந்த ஊறலில் தாது உப்பும் கரைந்து போகிறது. அடுத்த படியில் வரும் பொடிக்கு அதுவும் ஒரு காரணம்.

கீழேயிருந்து வரும் நெல் வைக்கோலைப் புல்லோடு கலக்கலாம், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல். சத்து குறைவு, மென்று முடிக்க நேரம் ஆகும், அதனால் இளைக்க வைக்க உதவும். பல் கெட்ட குதிரைக்கும், தண்ணீர் சரியாகக் குடிக்காத குதிரைக்கும் வைக்கோல் வேண்டாம், குடலில் அடைத்துக்கொள்ளும். பனிக்காலத்தில் தண்ணீரை வெதுவெதுப்பாக வையுங்கள், ஜில்லென்றிருந்தால் குடிக்காது. சோளத்தட்டை பச்சையாகப் போடவே வேண்டாம், அதில் நஞ்சு உண்டு. பூஞ்சை பிடித்த எதுவும் குதிரைக்கு ஆகாது. ஜூன் தொடங்கி மழை விடும் வரை சாக்கைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள்.

மேய்ச்சலுக்கு விட்டே ஆக வேண்டும் என்றால், "மூன்று மணி நேரம்தானே" என்று நினைக்காதீர்கள். நேரம் குறைவு என்று பழகிய மட்டக்குதிரை அந்த மூன்று மணியிலேயே நாள் முழுக்கத் தின்பதில் பெரும் பங்கை முடித்துவிடும். மாட்டுக்குப் போடுவது போல வாய்க்கூடை போடலாம். அடியில் சின்ன ஓட்டை வேண்டும், தண்ணீர் குடிக்கவும் நுனிப்புல் கடிக்கவும். முழுக்க மூடிய கூடை ஆகாது. டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் உறைபனி விழுந்து, காலையில் வெயில் அடிக்கிற நாட்களில் மேயவிடாதீர்கள். குளிரில் வளர்ச்சி நின்ற புல்லில் சர்க்கரை தேங்கியிருக்கும். குளிர்நாடுகளிலிருந்து வந்த புல் கலந்த இடங்களில் இன்னும் அதிகம்.

5. இப்போது பொடி

கால்சியம். நம் மலை முழுக்கப் பரவிக் கிடப்பது கிக்கியூ புல். வீட்டுப் பக்கத்தில் மாட்டுக்கு நட்டிருப்பது பெரும்பாலும் கோ-4, கோ-5 கம்பு நேப்பியர். இரண்டிலும் ஆக்சலேட் அதிகம். அது புல்லில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு குதிரைக்கு விடாது. மாட்டுக்கு இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டை உடைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் "எங்க மாடு இதைத்தானே தின்னுது, அண்ணா" என்று பக்கத்துத் தோட்டக்காரர் சொல்வது குதிரைக்குப் பொருந்தாது. மாதக்கணக்கில் இப்படியே போனால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும். இன்றைக்கு ஒரு கால், நாளைக்கு இன்னொரு கால் என்று நொண்டும். முற்றினால் முக எலும்பு இருபக்கமும் புடைக்கும். கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், அதையும் சேர்த்தால் கேடு இரட்டிப்பு.

இதற்கு தீவனத் தரமான சுண்ணாம்புக்கல் பொடி ஒரு பங்கு, டைகால்சியம் பாஸ்பேட் இரண்டு பங்கு கலந்து வைத்துக்கொள்ளலாம். 250 கிலோ குதிரைக்கு நாளுக்கு 60, 70 கிராம் என்று என் குதிரைக்கு எழுதித் தந்தார்கள். உங்கள் புல்லைப் பொறுத்து மாறும், மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்போ வெற்றிலைச் சுண்ணாம்போ இதற்கு ஆகாது. வாயையும் வயிற்றையும் புண்ணாக்கிவிடும். புல்லில் என்ன இருக்கிறது என்று துல்லியமாகத் தெரிய வேண்டும் என்பவர்களுக்கு, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவன ஆய்வுக்கூடம் உண்டு. மாதிரி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

கைப்பிடி குதிரை மசால் (லூசர்ன்) தழை கிடைத்தால் நல்லது, அதில் கால்சியம் நிறைய. கைப்பிடிதான், கட்டுக் கட்டாகப் போட்டால் இளைக்காது.

உப்பு. சாதாரணக் கல் உப்பைப் பொடித்து நாளுக்கு இரண்டு மூன்று தேக்கரண்டி. வியர்த்த நாளில் கொஞ்சம் கூட. உப்புக் கட்டியை நக்கவிட்டால் போதும் என்பார்கள். பல குதிரைகள் போதுமான அளவு நக்குவதில்லை.

செம்பும் துத்தநாகமும். இரண்டும் மலைப்புல்லில் போதாமல் போகலாம். குதிரைக்கென்று வரும் தாது உப்புக் கலவை கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் மாட்டுத் தாது உப்பில் சிறிதளவை மருத்துவர் அளந்து சொல்லக்கூடும். ஆனால் அட்டையில் யூரியா, மோனென்சின் (குதிரைக்கு நஞ்சாகும் மருந்து) என்ற பெயர்கள் இல்லை என்று நீங்களே படித்துப் பாருங்கள்.

புரதம். தீவனம் குறையும்போது கொழுப்போடு தசையும் கரையும். நாளுக்கு 100 கிராம் சோயாப் புண்ணாக்கு இதற்குப் போதும். ஊறவைத்து, நறுக்கிய புல்லோடு பிசைந்தால் மேலே சொன்ன பொடி எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும், தனியாக வெல்லம் தேட வேண்டியதில்லை. கடலைப் புண்ணாக்கு வேண்டாம். இந்த ஈரத்தில் பூஞ்சை நஞ்சு பிடிக்கும்.

வைட்டமின் ஈ. பச்சைப் புல்லில் இருக்கிறது, காய்ந்த புல்லில் போய்விடும். காய்ந்த தீவனம் மட்டுமே தின்னும் குதிரைக்கு மட்டும், உடல் எடை கிலோவுக்கு ஒன்றிலிருந்து இரண்டு யூனிட். செலினியம் சேர்ந்த பொடி இரண்டை ஒன்றாகக் கொடுக்காதீர்கள். கொஞ்சம் கூடினாலும் நஞ்சு.

எதையும் ஒரே நாளில் முழு அளவில் ஆரம்பிக்காமல் ஒரு வாரத்தில் ஏற்றுங்கள். ஒன்றைத் தொடங்கி நாலைந்து நாள் கழித்து அடுத்தது. குதிரை முகர்ந்துவிட்டு விலகினால் எந்தப் பொடியால் என்று அப்போதுதான் தெரியும்.

6. கடையில் கொடுத்தாலும் வாங்காதீர்கள்

மாட்டுத் தீவனம், கோழித் தீவனம் எதுவும் குதிரை வாய்க்குப் போகக் கூடாது. கோழித் தீவனத்தில் கலக்கும் மோனென்சின் போன்ற மருந்து மிகச் சிறிய அளவிலேயே குதிரையின் இதயத்தைக் கெடுத்துக் கொன்றுவிடும். தீவனம் அள்ளும் ஒரே குவளையைக் கோழி மூட்டைக்கும் குதிரை மூட்டைக்கும் பயன்படுத்துவதும் வேண்டாம்.

பால்மாட்டுக்கு வரும் கால்சியம் டானிக்கில் இனிப்புப் பாகு கலந்தவை உண்டு. இரும்புச் சத்து டானிக்கும் தேவையில்லை, புல்லிலும் மண்ணிலும் இரும்பு வேண்டிய அளவு இருக்கிறது. மக்னீசியம், குரோமியம், பட்டை, வெந்தயம், ஆப்பிள் வினிகர் என்று "கழுத்துக் கொழுப்பு கரையும்" என விற்பவை பல. உறுதியான சான்று எதற்கும் இல்லை. ஒரு கடையில் ஆயிரக்கணக்கில் விலை சொல்லி நீட்டிய வெளிநாட்டு டப்பாவில் பாதிக்கு மேல் நிரப்புப்பொருள் என்று அதன் அட்டையே சொன்னது. இன்சுலின் கோளாறு உறுதியான குதிரைக்கு மருத்துவர் எழுதும் மாத்திரைகள் உண்டு, அது வேறு கணக்கு.

7. நடை

குளம்பு நன்றாக இருந்தால் மட்டும். வாரத்தில் ஐந்து நாள், முதலில் இருபது நிமிடம் கயிற்றைப் பிடித்து நடத்துங்கள், பிறகு மேட்டில் ஏற்றி இறக்குங்கள். மூச்சு வாங்கும் அளவுக்காவது வேகம் வேண்டும், புல் கடித்துக்கொண்டே உலாவுவது நடையில் சேராது. லாடக்காரர் மலைக்கு எப்போதாவதுதான் வருவார். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும் என்பதால், வரும்போதே அடுத்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

8. செலவும் காலமும்

பொடிச் செலவு பயப்படும் அளவுக்கு இல்லை. கால்சியக் கலவை மாதத்துக்கு இரண்டு கிலோ, சோயா மூன்று கிலோ, உப்பு, தாது உப்பு எல்லாம் சேர்ந்து எனக்கு ஆயிரம் ரூபாய்க்குள் அடங்குகிறது. தராசும் வலையும் ஒருமுறைச் செலவு. பணம் போவது நல்ல காய்ந்த புல்லுக்கும் வண்டி வாடகைக்கும்தான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டி வெளிமாவட்டப் பதிவு என்றால், நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டுமா, எடுத்திருக்கிறாரா என்று ஓட்டுநரிடம் முந்தின நாளே கேளுங்கள். மழைக்கு முன்னால், ஏப்ரல் மேயிலேயே வாங்கி அடுக்கிவிட்டால் விலையும் குறைவு, சரக்கும் காய்ந்திருக்கும்.

குதிரையைச் சிகிச்சைக்காகக் கீழே கொண்டுபோக நேர்ந்தால் பயணத்துக்கு ஏற்றது என்ற மருத்துவச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். சோதனைச் சாவடியில் கேட்பார்கள்.

வாரத்துக்கு உடல் எடையில் நூற்றுக்கு அரையிலிருந்து ஒரு பங்கு குறைந்தால் சரியான வேகம். நம் 246 கிலோ குதிரைக்கு ஒன்றேகாலிலிருந்து இரண்டரை கிலோ. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே நேரத்தில், தீவனத்துக்கு முன் அளவெடுங்கள். முதல் மாதம் நாடாவில் மாற்றமே தெரியாமல் இருக்கலாம். வயிறும் விலாவும் முதலில் குறையும், கழுத்து மேடு கடைசியில்தான். ஆறு வாரமாகியும் ஒன்றுமே நகரவில்லை என்றால் தீவனத்தை நீங்களாக மேலும் வெட்டாமல், எழுதி வைத்த கணக்கை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். இன்சுலின் அறிக்கையை மறுபடி பார்க்க வேண்டிய கட்டம் அது.

விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட ஆரம்பித்ததும் காய்ந்த புல்லை வாரம் கால் கிலோ வீதம் ஏற்றி, எடை எங்கே நிலைக்கிறதோ அங்கே நிறுத்துங்கள். பெரும்பாலும் உடல் எடையில் நூற்றுக்கு இரண்டுக்குக் கீழேயே நின்றுவிடும். கொள்ளும் தவிடும் திரும்ப வேண்டாம். கால்சியக் கலவையை மட்டும், கிக்கியூ தின்னும் வரை நிறுத்தாதீர்கள்.